சாக்கில் கட்டி இறக்கிய வீடு

வில்பட்டி,
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் அதேபோல் இருக்க வேண்டும். போனில் பேசாமல் இதென்ன கடுதாசி என்று நினைப்பாய். புது வீட்டுக்குள் டவர் கிடையாது, ரோட்டுக்கு ஏறினால்தான் உன் குரல் கேட்கும், ஏறி முடிக்கும்போது பேசுவதற்கு எனக்கு மூச்சு இருக்காது. அதோடு போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது கேள்வி கேட்பாய். இதில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார், அதனால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் நீ அழுதுகொண்டே இரண்டு விஷயம் கேட்டாய். அப்பாவுக்கு மறுபடி நெஞ்சுவலி வந்தால் டவர் இல்லாத பள்ளத்திலிருந்து யாரைக் கூப்பிடுவீர்கள், கூப்பிட்டாலும் ரோடு இல்லாத இடத்துக்கு ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்று. ஸ்டென்ட் வைத்த மனுஷரைக் கொண்டுபோய்ச் சரிவில் வைக்கிறாயே அம்மா என்றாய். நான் வெடுக்கென்று போனை வைத்துவிட்டேன். உன் மேல் கோபம் இல்லை, என்னிடம் பதில் இல்லை, அதுதான் கோபமாக வந்தது. அப்பாவோ, தன் பங்குத் தோட்டத்தில் சொந்த வீடு கட்டி முடித்த பிறகும் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் வாடகைக்கு இருப்பேனா என்று ஒரே பிடி. அவர் பிடிவாதம் உனக்குத் தெரியாததா, பாதி உன்னிடம்தானே வந்திருக்கிறது.

நீ ஆன்லைனில் ஏற்பாடு பண்ணின மதுரைக் கம்பெனிக்காரர் வீடியோ காலில் வந்தார். பெரிய மனுஷர் மாதிரி டை எல்லாம் கட்டியிருந்தார். வண்டி எதுவரைக்கும் வரும், கேட்டைக் காட்டுங்க மேடம் என்றார். எங்கே இருக்கிறது கேட், ரோடு முடிகிற இடத்திலிருந்து காரட் தோட்டங்களுக்கு நடுவே இறங்குகிற ஒற்றையடிப் பாதையைக் காட்டினேன். டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டார். அப்புறம் லைன் சரியில்லை மேடம் என்று வைத்தவர்தான், திரும்பக் கூப்பிடவே இல்லை. செங்கல்லும் மணலும் குதிரை முதுகில் வந்த வீடு இது, பீரோவைக் குதிரை மேல் ஏற்ற முடியுமா. கடைசியில் இங்கே தோட்டங்களில் காரட் மூட்டை சுமக்கிற நல்லசாமியிடம் கேட்டோம். ஆள் கட்டை குட்டை, பேச்சு ரொம்பக் குறைவு. காலையில் மார்க்கெட் லோடை ரோட்டுக்கு ஏற்றிவிட்டுத்தான் வருவோம், சரின்னா சரி என்றார். நான் அட்டைப் பெட்டி வாங்கி வைத்திருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "பெட்டி எங்களுக்கு ஆகாதுங்க, சாக்குல கட்டிக் குடுங்க, அதுன்னா முதுகுல உக்காரும்" என்றார். அதனால் பாத்திரம், துணி, உன் காலேஜ் புத்தகம் எல்லாவற்றையும் காரட் சாக்கில் கட்டினோம். இப்போது என் பட்டுப்புடவையில்கூட மண்வாசனைதான் அடிக்கிறது.

நம் மூட்டை எது என்று தெரிய வேண்டும் என்று அப்பா என் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்து ஒவ்வொரு சாக்குக்கும் ஒரு துண்டு கட்டினார். ஒரே ஒரு சாக்குக்கு மட்டும் நான் விடவில்லை. குத்துவிளக்கு, முருகன் படம், பால் காய்ச்சுகிற வெண்கலப் பானை எல்லாம் அதில்தான் இருந்தது, சாமி சாமான்மேல் உடுத்தின புடவையைக் கிழித்துக் கட்டலாமா என்று சண்டை போட்டேன். அப்பா சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார். வியாழக்கிழமை காலை பிக்கப் வண்டியில் எல்லாம் வந்து ரோடு முடிகிற இடத்தில் இறங்கியது. பக்கத்திலேயே மார்க்கெட் லாரிக்காக அடுக்கியிருந்த காரட் மூட்டைகள். நானும் அப்பாவும் மெதுவாக உட்கார்ந்து உட்கார்ந்து வீட்டுக்கு இறங்கி, பால் காய்ச்ச நல்ல நேரத்துக்குக் காத்திருந்தோம். சிவப்புத் துண்டு கட்டின மூட்டை ஒவ்வொன்றாக வருகிறது, சாமி சாக்கு மட்டும் காணோம். புரிந்துவிட்டதா? லாரிக்காரர்கள் அதையும் காரட் என்று நினைத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முருகன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முதல் நாளே இப்படியா என்று அழுகை வந்துவிட்டது. அப்பா, நான் சொன்னபடி துண்டைக் கட்டியிருக்கலாமே என்று சொல்லிக் காட்டாமல் இருந்தார், அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம். நல்லசாமி மட்டும் பதறவில்லை. மேட்டைப் பார்த்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து ஒரு குரல் கொடுத்தார். மேல் தோட்டத்தில் களை எடுத்தவர் அதை வாங்கி அடுத்த மேட்டுக்குக் கொடுத்தார், அங்கிருந்து ரோட்டுக்குப் போனது. லோடு தயார், ஆள் வேணும், பாம்பு கடித்துவிட்டது, எல்லாவற்றுக்கும் இங்கே இதுதானாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். ரோட்டில் இருந்த ஒருவர் உடனே பெருமாள்மலையில் டீக்கடை வைத்திருக்கிற சஃபீருக்குப் போன் போட்டிருக்கிறார். காய்கறி லாரி எதுவும் அந்தத் தம்பி கடையில் நிற்காமல் மலை இறங்காது. அவர் லாரியை நிறுத்தி, பாதி லோடைப் பிரித்து, நம் சாக்கை எடுத்து, மேலே வந்த ஜீப்பில் ஏற்றிவிட்டுவிட்டார். இன்னும் நான் அந்தத் தம்பியை நேரில் பார்க்கவில்லை. பார்த்தால் கும்பிட வேண்டும்.

ஆனால் சாக்கு வருவதற்குள் நல்ல நேரம் போய்விடுமே. பால் என் கையில் இருக்கிறது, பானை இல்லை. நல்லசாமி ஆட்கள் தங்களுக்கு டீ போடக் கொண்டுவந்த கரி பிடித்த சட்டியை நீட்டினார்கள். எனக்கு மனசே வரவில்லை, வேறு வழியும் இல்லை. மூன்று கல் வைத்து அதில் காய்ச்சினேன். கிழக்குப் பக்கமாக என்னமாய்ப் பொங்கியது தெரியுமா! அந்தப் பாலையே எல்லாருக்கும் கொடுத்தேன். சாமி அப்புறம் சாவகாசமாக ஜீப்பில் வந்து இறங்கினார்.

பால் குடித்துக்கொண்டே அப்பா என்னைப் பார்த்து, "பிரியா கேட்டதுல ஒண்ணுக்குப் பதில் கெடச்சுருச்சு பாத்தியா" என்றார். எனக்கும் நல்லசாமி கொடுத்த அந்தக் குரல்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. சரி, மற்றதையும் கேட்டுவிடுவோம் என்று நல்லசாமியிடம் வாய்விட்டே கேட்டேன், இவருக்கு ஏதாவது ஒன்று என்றால் ரோட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று. பீரோவை இறக்க அவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேனே, ஒவ்வொரு வரப்பிலும் வைத்து வைத்து, இரண்டு தரம் வழுக்கி, ஒருவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. பீரோவுக்கே இந்தக் கதி என்றால் மனுஷருக்கு என்ன ஆகும். அவர் சொன்னார், "எறக்குறதுதாங்க எங்களுக்குப் பழக்கமில்ல. நாங்க வாழ்நாளெல்லாம் ஏத்துறவுங்க. ஐயாவ வேணும்னா இப்பவே ஏத்திக் காட்டவா?" அப்பாவுக்கு இது போதாதா, சின்னப்பிள்ளை மாதிரி எழுந்து பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு மூங்கிலை நாற்காலிக்கு இரண்டு பக்கமும் கட்டி, முன்னால் இருவர் பின்னால் இருவர் தோளில் ஏற்றினார்கள். குடிவந்த நாளில், வாசலிலிருந்து, அவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்கள் பிரியா. இறக்குங்கள் என்று கத்தினேன். அவர்களுக்கு விளங்கிவிட்டது, நல்லசாமி முகமும் சுண்டிப்போனது. அப்பா மட்டும் மேலே உட்கார்ந்தபடி, "அடி வடிவு, நாலு பேருதான ஒனக்கு ஆகாது, நீயும் ஒரு கை புடி, அஞ்சாயிரும்" என்றார். ஓடிப்போய்ப் பின்பக்க மூங்கில் முனையைப் பிடித்துக்கொண்டேன். நான் தூக்கினேனா தொங்கினேனா என்று கேட்காதே. பீரோவை அத்தனை இடத்தில் இறக்கி வைத்தவர்கள், அப்பாவை ஓர் இடத்திலும் கீழே வைக்கவில்லை. ஒரே மூச்சில் ஏறிவிட்டார்கள், நான்தான் நடுவில் கையை விட்டுவிடுவேனோ என்று பயந்து பயந்து போனேன். ரோட்டில் இறக்கியதும் அப்பா சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, போன் போட்டுப் பிரியாவிடம் சொல்லு என்றார். போட்டேன், ஒரு வார்த்தை பேச மூச்சு இல்லை, அழுகையும் சேர்ந்து வந்தது, நீ எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். வியாழக்கிழமை உனக்கு வந்த மிஸ்டு கால் அதுதான். பயந்திருப்பாய், மன்னித்துக்கொள்.

இப்போது எல்லாம் ஒழுங்காக அடுக்கியாகிவிட்டது. அப்பா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார், வெள்ளனே எழுந்து தோட்டத்தைச் சுற்றுகிறார், ரோட்டுக்குத் தனியாக ஏறக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். மூங்கில் இரண்டையும் நல்லசாமி எடுத்துப்போகவில்லை, பின்கதவு ஓரத்தில் சாத்திவிட்டுப் போயிருக்கிறார், கயிற்றோடு. அதற்கு வேலையே வரக்கூடாது என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அது அங்கே நிற்பதால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வருகிறது. நீயும் இனிமேல் தூங்கு.

டியூட்டி டியூட்டி என்று சாப்பிடாமல் கிடக்காதே, சின்னவனுக்குக் குளிரில் காதை மூடிவிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். தைக்கு வரும்போது அந்தப் பெரிய சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வராதே, இந்தப் பாதையில் சக்கரம் உருளாது, நல்லசாமி ஆட்களுக்கு இறக்கவும் வராது. சாமானைச் சாக்கில் கட்டு, மறக்காமல் சிவப்புத் துணியும் கட்டு. பழனியாண்டவன் உங்கள் மூவரையும் கூடவே இருந்து காப்பாற்றட்டும். நீ வந்தால் அப்பா தன்னை இன்னொரு தரம் ஏற்றிக் காட்டச் சொல்வார், இப்போதே நச்சரிக்கிறார். அன்றைக்கு என் மூங்கில் முனையை நீ பிடித்துக்கொள், எனக்கு மூச்சு வாங்குகிறது.

உன் வரவை எண்ணியிருக்கும்,
அம்மா வடிவு.