விடுப்பில் இருப்பவளின் வேலை நாட்கள்

பிப்ரவரி 4

காலை முழுக்க இரும்புக் கட்டிகளை ஒரு லிஃப்டுக்குள் ஏற்றினேன். மதியம் முழுக்க அதே கட்டிகளை இறக்கினேன். இடையில் லிஃப்ட் ஒரு மாடி இறங்கி, பிரேக் பிடித்து நின்றது. அது நின்றதா என்று பார்ப்பதுதான் வேலை.

பொறியியல் மூன்றாம் ஆண்டிலிருந்து ஆறு மாதம் தொழிற்சாலை, ஆறு மாதம் வகுப்பு என்று மாறி மாறிப் போக வேண்டும். தொழிற்சாலை ஆறு மாதத்துக்குப் பணிப்பருவம் என்று பெயர், பேச்சில் வொர்க் டெர்ம். மொத்தம் மூன்று. ஒன்று குறைந்தாலும் பட்டம் கிடையாது. சேரும்போது தந்த பளபளப்பான புத்தகத்தில் இதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள், பக்கத்தில் தலைக்கவசம் அணிந்து சிரிக்கும் ஒரு பெண்ணின் படத்தோடு. அவள் தலைக்கவசத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

ஃபோர்மேன் இன்று என்னைப் பாராட்டினார். "பரவால்ல, கால்ல போட்டுக்கல."

பிப்ரவரி 11

உதவித்தொகை வரவில்லை.

பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் பார்த்தேன். என் பெயருக்கு நேரே 'நிலை: விடுப்பு' என்று இருக்கிறது. முழங்கைவரை கிரீஸோடு நின்று இதைப் படித்தேன். விடுப்பில் இருப்பவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் போலும்.

இங்கே தரும் சம்பளம் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகிறது. உதவித்தொகை வந்தால்தான் ஜூலையில் அடுத்த பருவக் கட்டணம் கட்ட முடியும். கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அப்போது நிஜமாகவே விடுப்பு.

பிப்ரவரி 14

அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகம் போனேன். உதவித்தொகை அலுவலகத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் ஒரு அக்கா.

"நீங்க இப்ப கிளாஸுக்கு வரீங்களா?"

"இல்லக்கா, வொர்க் டெர்ம்."

"அப்ப படிக்கல."

"படிப்புல அது கட்டாயம்க்கா."

"கட்டாயமா இருக்கட்டும். ஆனா படிக்கலையே."

அவர் கெட்டவர் இல்லை. திரையை என் பக்கம் திருப்பியே காட்டினார். இரண்டு வட்டங்கள். ஒன்று 'வகுப்பில் இருக்கிறார்', இன்னொன்று 'விடுப்பில் இருக்கிறார்'. "மூணாவது ஒண்ணு இல்லம்மா. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

ஒரு வழி இருக்கிறதாம். 'சொந்தக் காரணங்களுக்காக நானே விரும்பி விடுப்பு எடுத்தேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், கருணை அடிப்படையில் இந்தத் தவணையை விடுவிப்பார்கள்.

"எத்தனை தடவை இப்படி எழுதிக் கொடுக்கலாம்?"

"படிப்பு முடியறதுக்குள்ள ஒரு தடவைதான்."

"வொர்க் டெர்ம் மூணு இருக்கேக்கா."

"அது அப்போ பாத்துக்கலாம்மா. எல்லாரும் போட்டுத்தான் குடுக்கறாங்க."

காகிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த அறை பணிப்பருவ ஒருங்கிணைப்பாளருடையது. இரண்டு அறைக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. அதை மறைத்து ஒரு பீரோவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

"விடுப்பா? யாரு சொன்னது?" என்று அவர் கொதித்தார். "வொர்க் டெர்ம்தான்மா இந்தப் படிப்போட முதுகெலும்பே."

"அதை அந்த ரூம்ல ஒரு வார்த்தை சொல்லுங்களேன் சார்."

"அது அவங்க டிபார்ட்மென்ட்."

முதுகெலும்பு ஒரு துறை, வயிறு இன்னொரு துறை.

பிப்ரவரி 16

வக்கீல் கையெழுத்துப் போட்டுவிட்டான். என் வகுப்புத்தோழன், எதற்கும் எதிர்வாதம் செய்பவன் என்பதால் அந்தப் பெயர். இதற்கு மட்டும் வாதமே செய்யவில்லை. "முதல்ல காசு வரட்டும், அப்புறம் கொள்கை பேசலாம்," என்றான்.

அடுத்த ஜனவரியில் இரண்டாவது பணிப்பருவம் வரும்போது என்ன செய்வான் என்று கேட்டேன். பேச்சை மாற்றினான்.

பிப்ரவரி 20

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. பின்னால் இயந்திரங்களின் இரைச்சலில் பாதிதான் கேட்டிருக்கும். ஆனால் மாலையில் வீட்டுக்கு வந்திருந்த சித்தப்பாவுக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா வீட்டிலிருந்து மறுபடி கூப்பிட்டபோது தொலைபேசியைப் பிடுங்கி அறிவுரை சொன்னார்.

"சம்பளமும் வேணும், ஸ்காலர்ஷிப்பும் வேணும்னா எப்படிம்மா? அதுக்குப் பேரு பேராசை."

அம்மாவின் குரல் பின்னாலிருந்து கேட்டது. "நீங்க குடியிருக்கறவங்ககிட்ட வாடகையும் வாங்கறீங்க, அட்வான்ஸும் வாங்கறீங்களே. அதுக்கு என்ன பேரு?"

சித்தப்பாவுக்கு உடனே ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.

மார்ச் 2

ஒன்று உறைத்தது. பணிப்பருவத்துக்கு என்று பல்கலைக்கழகம் தனியாக ஒரு கட்டணம் வாங்குகிறது. அதற்குள் விபத்துக் காப்பீடும் அடக்கம். காப்பீடு மாணவர்களுக்கு மட்டும். விடுப்பில் இருப்பவர்களுக்கு இல்லை.

கட்டணம் வாங்கும்போது மாணவி. பணம் தரும்போது இல்லை. சரி, லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்டின் அடிக்குழிக்குள், தலைக்கு மேலே அது தொங்கும்போது நான் யார்?

ஃபோர்மேனிடம் சொல்ல வேண்டும். சொன்னால் குழிக்குள் இறங்க விடமாட்டார். குழி வேலை முடியாவிட்டால் பணிப்பருவத்தில் தேர்ச்சி இல்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது — ஏதாவது நடக்கிற வரைக்கும்.

மார்ச் 3

சொன்னேன்.

ஃபோர்மேன் டீயைக் கீழே வைத்தார். "நீ ஸ்டூடண்டா இல்லையா? ஒரு வார்த்தைல சொல்லு."

"எனக்குத் தெரியல சார். அவங்களுக்கும் தெரியல."

"மொதல்ல குழியிலேர்ந்து வெளில வா."

மார்ச் 6

கிடங்கில் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். 'அளவுக்கு மேல் ஏறாதீர்கள்.' யாருக்கு என்று போடவில்லை.

மார்ச் 12

வக்கீல் கூப்பிட்டான். கோபம். எங்கள் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார்: இவர்கள் மாணவர்களா என்று எழுத்தில் சொல்லுங்கள், சொல்லும்வரை அடுத்த பருவத்துக்கு ஆள் அனுப்ப வேண்டாம். விஷயம் அவன் வேலை பார்க்கும் கம்பெனிக்கும் எட்டி, அவனையும் இயந்திரத்திலிருந்து எழுப்பி மேசையில் உட்கார வைத்துவிட்டார்களாம்.

"எல்லாரும் ஒழுங்கா இருந்தோம். நீ வாயத் திறந்த, எல்லாருக்கும் ஆப்பு."

"நீ விடுப்புல இருக்கன்னு நீயேதானே எழுதிக் குடுத்த? அப்புறம் மெஷின்ல உனக்கு என்ன வேலை?"

வக்கீல் தொலைபேசியை வைத்துவிட்டான்.

மார்ச் 19

ஒருங்கிணைப்பாளர் தொழிற்சாலைக்கே வந்துவிட்டார். நாங்கள் பணிப்பருவத்தில் எப்படி இருக்கிறோம் என்று பார்க்க வருவதாகப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. இன்றுதான் நிஜமாக வந்தார். புதிய தலைக்கவசம், ஒரு கீறல்கூட இல்லை. கிடங்கில் நின்றுகொண்டே பேசினோம்.

"உனக்கு மட்டும் ஒரு ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கிட்டேன்மா. இந்தத் தவணை, அடுத்தது, எல்லாம் வந்துடும். நீ ஸ்டூடண்ட்தான்னு ஒரு லெட்டரும் கம்பெனிக்குத் தந்துடறோம். இதோட விட்டுடு."

"மத்தவங்களுக்கு சார்?"

"அது பாலிசி மேட்டர். டைம் ஆகும்."

"எங்க எல்லாருக்கும் ஒரே வொர்க் டெர்ம்தானே சார். அதுல நான் மட்டும் எப்படி ஸ்டூடண்ட்?"

"உனக்கு நல்லது பண்ண வந்தா நீ சட்டம் பேசற."

"அப்போ நான் ஸ்டிக்கரே ஒட்டறேன் சார்."

அவர் போன பிறகு ஃபோர்மேன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னொரு கட்டு ஸ்டிக்கரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 20

பெரிய இவளா நான்? சரின்னு சொல்லியிருந்தா இன்னிக்குக் குழிக்குள்ள இருந்திருப்பேன். அம்மா எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் கேட்டிருக்காங்க, எனக்குச் சொல்லாம. ஜூலைல பேரை எடுத்துட்டா அந்தப் பாலிசியைப் படிச்சுப் பாக்க நான் அங்க இருக்க மாட்டேன்.

ஆனால் 'உனக்கு மட்டும்' என்று தருவது சலுகை. சலுகையைத் தந்தவரே, முகம் பிடிக்காத ஒரு நாளில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எனக்கு மூன்றாவது வட்டம் வேண்டும். வட்டத்துக்கு முகம் தெரியாது.

ஏப்ரல் 9

குழு கூடியது. பல்கலைக்கழகத்தில் குழு கூடுகிறது என்றால் நிலைமை மோசம். இல்லாவிட்டால் துணைக்குழுதான் கூடும். இன்னும் நான்கு கம்பெனிகள் அதே கேள்வியை எழுதிவிட்டனவாம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வக்கீல் வாசலில் நின்றான், கூப்பிடாமலே.

"நானும் வரேன். கையெழுத்துப் போட்டவன் ஒருத்தன் பேசினாத்தான் எடுபடும்."

உள்ளே, தன் விடுப்புக் கடிதத்தை அவனே சத்தமாகப் படித்துக் காட்டினான். "சொந்தக் காரணங்களுக்காக நானே விரும்பி..." அங்கே நிறுத்தி, மேசைக்கு மாற்றுவதற்கு முன் மெஷினில் நசுங்கி இன்னும் கட்டுப் போட்டிருந்த விரலைத் தூக்கிக் காட்டினான். விடுப்பில் ஏற்பட்ட காயம். குழுத் தலைவி சிரிப்பை அடக்கிக்கொள்ளத் தண்ணீர் குடித்தார்.

என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "உனக்கு என்னதான்மா வேணும்?"

"நான் யார்னு நீங்க ஒரே பதில் சொன்னாப் போதும் மேடம். ரெண்டு ரூம்லயும்."

ஏப்ரல் 27

விதி மாறுகிறது. பணிப்பருவமும் படிப்பே. காப்பீடு இன்றிலிருந்து, உதவித்தொகை அடுத்த பருவத்திலிருந்து. போன தவணைக்கு முன்தேதியிட்டுத் தர விதியில் இடமில்லையாம். அதாவது வக்கீலுக்குப் பணம் வந்தது, எனக்கு நியாயம் வந்தது. நியாயத்தை வைத்துக் கட்டணம் கட்ட முடியுமா என்று கண்ணாடி அக்காவிடம் கேட்டேன். "ஆன்லைன்ல மட்டும்தான்மா வாங்கறோம்," என்றார். கேலியா என்று தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த அம்மாளை எனக்குப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஏப்ரல் 28

குழிக்குள் இறங்கினேன். "விட்ட வேலையெல்லாம் பாக்கி இருக்கு," என்றார் ஃபோர்மேன். "ஞாயித்துக்கிழமையும் வா."

ஜூலை 6

கட்டணம் கட்டியாயிற்று. அம்மாவின் கூடுதல் ஷிஃப்ட், என் ஞாயிற்றுக்கிழமைகள், மீதி வக்கீல்.

"கடன்தான். எப்போ வேணா குடு," என்றான். "கருணை அடிப்படைல வந்த காசு. என்கிட்ட இருந்தா ஒரு மாதிரியா இருக்கு."

வாங்கிக்கொண்டேன். நண்பனிடம் வாங்குவது சலுகையா என்று யோசித்தேன். இல்லை, அவன் முகம் எனக்குத் தெரியும்.

சித்தப்பா கூப்பிட்டு, கடைசியில் நல்லபடியாக முடியும் என்று தான் அப்போதே சொன்னதாகச் சொன்னார்.

ஜனவரி 8

இரண்டாவது பணிப்பருவம். அதே கம்பெனி, ஃபோர்மேன் கேட்டு வாங்கியிருக்கிறார். கிளம்புவதற்கு முன் படிவம் கொடுக்க உதவித்தொகை அலுவலகம் போனேன். எனக்கு முன்னால் ஒரு முதல் பணிப்பருவப் பெண், புதுத் தலைக்கவசத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பயந்த குரலில் ஓட்டைக்குள் கேட்டாள்.

"வொர்க் டெர்ம் போனா ஸ்காலர்ஷிப்பை நிறுத்திடுவாங்கன்னு சொன்னாங்கக்கா..."

"யாரு சொன்னது?" கண்ணாடி அக்கா கொதித்தார். "வொர்க் டெர்மும் படிப்புதான்மா. எப்பவுமே அப்படித்தான்."

அவள் நிம்மதியாகத் திரும்பிப் போனாள். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஓட்டை வழியாகப் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

படிவத்தில் புதிதாக வந்திருந்த மூன்றாவது வட்டத்தை நிரப்பிவிட்டு வந்தேன்.