பத்தாவது சொல்

மார்ச் 6, வெள்ளி

விளக்கேற்றும் நேரம் ஆபீஸ் வண்டியிலேயே போய்விட்டது. ஹைதராபாத் கச்சிபௌலியில் அப்படி ஒரு டிராஃபிக். வெள்ளி பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள், அதில் நெருப்பு மூட்டக்கூடாது, ஏற்றாமல் விட்டேன். எழுதவும் கூடாது, எழுதுகிறேன். அப்பா இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் போய் மூன்று வாரம். உடம்பெல்லாம் அசதி.

மார்ச் 8

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு ஊருக்குப் போக எனக்கு லீவு இல்லையாம். இங்கே கட்டட வேலை செய்யும் எங்கள் தெரு ஆட்களை என் ஃபிளாட்டில் கூட்டலாம் என்கிறார், அவர்களில் ஒருவரான குணசேகரன் மாமா. ஜெபத்துக்குப் பத்துப் பேர் வேண்டும்.

மார்ச் 9

நான் ஏழாவது படிக்கும்போது, செஞ்சிப் பக்கத்தில் எங்கள் தெரு மொத்தமும் சர்ச்சை விட்டு யூத மதத்துக்கு மாறியது. உபதேசியாராக இருந்த அப்பாதான் முன்னால் நின்றார். அப்போது சொல்லித்தர ஆளில்லை, படித்துப் புரிந்தமட்டும் செய்தோம். மனிதரை எண்ணக்கூடாது என்று படித்துவிட்டு, அப்பா பத்துச் சொல்லில் ஒரு வேண்டுதல் கட்டினார். தலைக்கு ஒரு சொல். சொல் தீர்ந்தால் ஜெபம் தொடங்கலாம்.

"ஆண்டவரே, எங்கள் சின்னத் தெருவில் இருக்கும் எல்லோரும் உம்முடையவர்கள்; இதில் ஒருவரையும் கைவிடாதேயும்."

ஆண், பெண் பார்த்ததில்லை. என் தலையையும் தொட்டுச் சொல்வார்.

மார்ச் 11

மாமா ஃபோன். இப்போது ஊருக்கு வந்துபோகும் மும்பை யூத ஆசிரியர் சொல்லிவிட்டாராம் — பத்துப் பேரும் ஆண்களாக இருக்கவேண்டும். "அவரு படிச்சவரும்மா. நாம தெரியாம பண்ணிட்டோம்."

அப்ப இத்தன வருஷம் நான் யாரு? சும்மா கூட நின்னவளா? எங்கப்பாவுக்கு ஜெபம், நான் டீ போடணுமா?

மார்ச் 13, வெள்ளி

ஏற்றவில்லை. மனசு வரவில்லை. என்னோடு தங்கியிருக்கும் நஸ்ரின் வெறும் மேசையைப் பார்த்தாள். "இன்னைக்கு விளக்கு நக்கோவா?"

"நக்கோ" என்றேன், அவள் பாஷையிலேயே. வேண்டாம்.

மார்ச் 15, ஞாயிறு

தெரு ஆட்கள் சிமெண்டு போகக் குளித்துவிட்டு வந்தார்கள். எட்வின் அண்ணனுக்குக் காய்ச்சல், வரவில்லை. நான் சமையலறை வாசலிலேயே நின்றேன். மாமா வேண்டுதலைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு தலையாகத் தொட்டு, கடைசியில் தன் தலையைத் தொட்டார். "ஒருவரையும்" என்பதோடு ஆள் தீர்ந்துவிட்டது.

"இன்னொரு நாள் வச்சுக்கலாமா, சித்தப்பா?" என்றான் ஃபெலிக்ஸ்.

மாமா என்னைப் பார்த்தார். "ஆசிரியர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். இங்க வாம்மா."

சொரசொரத்த கை தலையில் பட்டது.

"கைவிடாதேயும்."

அப்பா போனபிறகு இன்றுதான் அழுதேன்.

மார்ச் 20, வெள்ளி

ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டேன். மேனேஜர் முறைத்தார், முறைக்கட்டும். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது. பேனாவை வைத்துவிட்டு விளக்கேற்றப் போகிறேன்.