ஒட்டும் திறன்: குறைவு

மார்ச் 3, செவ்வாய்
அவள் தலையணையை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போய்விட்டாள். மகள் கல்லூரி விடுதியில் இருப்பதால் அந்த அறை காலி. "திடீர் திடீர்னு உடம்பு கொதிக்குது. பக்கத்துல நீங்க வேற அடுப்பு மாதிரி." அடுப்பாம். எனக்கென்ன, முழுக் கட்டிலும் எனக்குத்தான். நல்ல வசதி. ஆனாலும் ஓரத்தில்தான் படுக்கிறேன். பழக்கதோஷம்.

மார்ச் 6, வெள்ளி
அவளுக்கு மாதவிலக்கு மாதக்கணக்கில் எட்டிப் பார்ப்பதில்லை, வந்தால் நிற்பதில்லை. டாக்டரம்மாவிடம் போனோம். முதலில் ஸ்கேன், பிறகுதான் மருந்து என்றார். சரியான பேச்சு. பாராட்டலாம் என்று வாயெடுத்தேன். "சார் கொஞ்சம் வெளியே உட்காருங்க" என்றார்.

மார்ச் 8, ஞாயிறு
சகலை போன் செய்தார். அவர் மனைவி, அதாவது இவளுடைய அக்கா, ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாராம். "ஒரே வாரம் சகல, ஆளே மாறிட்டா. மாத்திரைதான் பெஸ்ட்." என் கல்யாணப் போட்டோவில் என் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு நின்ற மனிதர். மாமனார் வீட்டுக் கூடத்தில் அந்தப் பாதி முகம் இன்னும் தொங்குகிறது. நான் மறக்கவில்லை.

மார்ச் 11, புதன்
என் வேலையே ஒப்பிடுவதுதான். மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி – எது தேறும், எது தேறாது என்று சோதித்துச் சொல்லும் கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவன். (பதவி உயர்வு வேறொருவனுக்குப் போனது. அவனுக்கு ஃபேன் இறக்கையில் மேல்புறம் எது கீழ்ப்புறம் எது என்று தெரியாது.) ஆகவே அட்டவணை போட்டேன். மாத்திரை, தோலில் ஒட்டும் பேட்ச், தடவும் ஜெல். வேகம், பக்கவிளைவு, ஒட்டும் திறன், எல்லாம்.

அவள் எட்டிப் பார்த்தாள். "நான் என்ன மிக்ஸியா?"

"மிக்ஸின்னா வாரண்டியாவது இருக்கும்."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 13, வெள்ளி
பேச்சுவார்த்தை இல்லை.

மார்ச் 17, செவ்வாய்
ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை. அட்டவணையை நீட்டினேன். டாக்டரம்மா கடைசி வரி வரை படித்தார். "எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க. உங்க வீட்டம்மாவை மட்டும் காணோமே சார்?"

புரியவில்லை.

"அவங்களுக்கு ஒற்றைத் தலைவலி இருக்கு, பிரஷர் இருக்கு. அதனால மாத்திரையை விட பேட்ச் நல்லது. கருப்பை இருக்கிறதால அதோட ராத்திரி தூங்கப் போகும்போது ஒரு கேப்சூல். இன்னொருத்தருக்கு வேற மாதிரி. எது பெஸ்ட்டுன்னு பொதுவா சொல்ல முடியாது."

இவளுக்கு ஒற்றைத் தலைவலி இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அவளுக்குத் தலைவலி வந்தால் திரைச்சீலையை இழுத்து மூடுவது யார்? பிறகு ஏன் ஒரு கட்டத்திலும் எழுதவில்லை? – டாக்டரம்மாவும் இனி நான் மறக்காதவர்கள் கணக்கில் உண்டு.

மார்ச் 22, ஞாயிறு
சகலை: "என்னது, ஸ்டிக்கரா? குழந்தைங்க நோட்டுல ஒட்டுமே, அதுவா?" வைத்துவிட்டேன்.

மார்ச் 28, சனி
சோதனையில் முதலிடம் பிடித்த மின்விசிறியை வாங்கி வந்து மகளின் அறையில் மாட்டினேன். அவள் படுத்துப் பார்த்துவிட்டு, "அப்பாடா, சொர்க்கம்" என்றாள். பெருமையாக இருந்தது.

ஏணியை மடக்கும்போதுதான் உறைத்தது. சொர்க்கத்தை விட்டு யார் வருவார்கள்? படித்த முட்டாள்.

ஏப்ரல் 4, சனி
குளியலறையில் பேட்ச் கழன்று விழுந்திருந்தது. அட்டவணையில் எழுதினேன். ஒட்டும் திறன்: குறைவு.

ஏப்ரல் 11, சனி
கொதிப்பு நன்றாகக் குறைந்திருக்கிறதாம். என்னிடம் சொல்லவில்லை, அக்காவிடம் போனில் சொன்னது காதில் விழுந்தது. அப்படியென்றால் இனி – என்று கேட்கத்தான் போனேன். "ஃபேன் சத்தம் போடுதா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

"சத்தமெல்லாம் இல்ல. இப்பதான் குளிருது" என்றாள்.

குளிருகிறதாம்.

ஏப்ரல் 26, ஞாயிறு
சில நாட்களாக இதில் எழுத எதுவும் இல்லை.

இன்று காலை அவள் போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். "பேட்ச் எங்க போச்சுன்னே தெரியல, இடுப்புலதான் ஒட்டியிருந்தேன்." எனக்குத் தேட நேரமில்லை. சகலை ஒரு நல்ல மின்விசிறி கேட்டிருந்தார். மகளின் அறையில் இருந்ததையே கழற்றிக்கொண்டு போனேன். அங்கே அதற்கு இப்போது வேலை இல்லை.

மாட்ட வேண்டிய இடம் அவர்கள் வீட்டின் பின்னறை. சின்னக் கட்டில், ஒற்றைத் தலையணை. "அவ இங்கதான் படுக்கிறா. ரொம்ப நாளா" என்றார் சகலை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

புழுக்கம் தாங்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினேன். கீழே ஏணியைப் பிடித்திருந்தவர், "சகல, முதுகுல என்ன?" என்று உரித்தெடுத்தார். கண்ணாடித்தாள் போல மெல்லியதாக, கட்டைவிரல் அகலத்தில்.

அது என்னவென்று இருவருக்கும் தெரிந்தது. எப்படி அங்கே போயிருக்கும் என்பதும்.

கிண்டலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. நான் கடைசித் திருகாணியை முடுக்கி இறங்கிய பிறகு, "அந்த டாக்டரம்மா நம்பர் கொடுங்க" என்றார். கொடுத்தேன். அந்தப் போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல நல்ல சமயம். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். "அக்காகிட்ட நான் எப்படி முகத்தைக் காட்டுவேன்?"

அட்டவணையில் 'குறைவு' என்பதை அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக என்ன போடுவதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். விளக்கை அணைக்கச் சொல்கிறாள்.