சதுப்புக்குத் திரும்பும் நிலம்

அண்ணனுக்கு,

லாட்வியா இனித் தாங்காது, நிலத்தை விற்றுவிட்டு டப்ளினுக்கு வந்துவிடு என்று எழுதியிருந்தாய். வரமாட்டேன்.

இருபது வருடத்துக்கு முன், காய்ந்தால் விறகுபோல எரியும் இந்தச் சதுப்பு மண்ணை எரிபொருளாக விற்க, வாய்க்கால் வெட்டி நிலத்தின் தண்ணீரை வடித்தாய். வேண்டாம் என்ற என்னை ஊர்க் கூட்டத்தில், "படிச்சவன்தான், ஆனா இவனுக்குச் சொந்தக்காரங்க எல்லாம் தவளைங்க," என்றாய். ஊரே சிரித்தது. நான் மறக்கவில்லை.

ரஷ்ய டாங்கிகள் எல்லை தாண்டினால் எங்கே மறிப்பது என்று பார்க்க, நம் ராணுவத்தின் கேப்டன் டைகா போன வாரம் வந்தார்.

"ரோடு போட்டுக் குடுத்த மாதிரி காஞ்சு கிடக்கே சார்."

"எங்க அண்ணன் போட்டது," என்றேன்.

வாய்க்கால் வெட்டாத மூலைக்கு அழைத்துப் போனேன். இரண்டாவது அடியிலேயே அவருடைய ஒரு பூட்ஸைச் சேறு விழுங்கிவிட்டது. "போதும் சார், டாங்கிக்கும் இதே கதிதான்," என்று ஒற்றைக்காலில் நின்று சிரித்தார்.

வாய்க்கால்களை அடைக்கப் போகிறோம். புல்வெளி மூழ்கும். என் உருளைக்கிழங்கு நிலவறையிலும் தண்ணீர் ஏறும், ஏறட்டும். உன் பாதிக்கு உன் கையெழுத்து வேண்டும். படிவம் உள்ளே இருக்கிறது.

போடாவிட்டால் என் பாதியை மட்டும் அடைப்பேன். தண்ணீர் நம் பாகப்பிரிவினையைப் படித்துவிட்டு நிற்கப் போவதில்லை.

இங்கேயே இருக்கும்,
தவளைகளின் சொந்தக்காரன்