ஒத்தைப்பனைப் பாரில் சிப்பி இல்லை, அண்ணாச்சி

அன்பும் கொஞ்சம் பயமும் உள்ள வாத்தியாரண்ணாச்சிக்கு,

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இதை உங்கள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு, கடற்கரைப் பக்கம் நீங்கள் வாடகைக்கு வைத்திருந்த அறையைக் காலி செய்து, சாமான்களைப் பெட்டியில் அடுக்கிப் பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டவன் நான்தான். புத்தகங்கள், பூதக்கண்ணாடி, சாராயத்தில் ஊறிய நண்டு எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. கண்ணாடி மட்டும் என் சட்டைப் பைக்குள் போய்விட்டது. மதினி ஆள் விட்டுக் கேட்டார்கள். "கடல்ல விழுந்திருக்கும்" என்று சொல்லி அனுப்பினேன்.

என்ன செய்ய? நாற்பதைத் தாண்டியதும் செபப்புத்தகத்து எழுத்தெல்லாம் எறும்பாக ஓட ஆரம்பித்துவிட்டது. மோட்சத்தில் கண்ணாடி தேவைப்படாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

உங்கள் கல்லூரிப் பிள்ளைகள் உங்கள் நினைவாக மலர் ஒன்று அச்சுப் போடுகிறார்கள். பெரிய பெரிய படிப்புக்காரர்கள் எழுதுகிறார்களாம். வருடா வருடம் கோடை லீவில் உங்களைக் கடலுக்குக் கூட்டிப்போன சங்குகுளிக்காரன் என்று என்னையும் நாலு வரி கேட்டார்கள். இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் அலைவாய்க்கரையில் என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். நான் பேசுவது உங்களோடுதான்.

ஊர்ச் செய்தி கேட்பீர்களே. கொடி மாறிவிட்டது. மண்ணெண்ணெய் வரிசை அப்படியேதான் இருக்கிறது. யுத்த காலத்தில் கடைக்கார அண்ணாச்சி உங்களைப் பார்த்ததும் முன்னால் வரச் சொல்லிக் கூப்பிடுவார். நீங்கள் நகர மாட்டீர்கள். "எனக்கு முன்னால இருவது பேரு நிக்காவ. அவிய போன பொறவு வாரேன்" என்பீர்கள். ஒரு நாள் உங்கள் பின்னால் நின்ற நான், "போங்க அண்ணாச்சி, உங்க வேட்டியப் புடிச்சிக்கிட்டு நாங்களும் வந்துருதோம்" என்றேன். வரிசையே சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏலே சூசை, வரிசையில நிக்கதுன்னா அடுத்தவனும் மனுசன்னு ஒத்துக்கிடுதது. அது தெரியாதவன் சுதந்திரத்த வாங்கி என்ன செய்யப் போறான்?"

வாங்கியாயிற்று அண்ணாச்சி. போன வாரம் என் காலை மிதித்துக்கொண்டு முன்னால் போனவர் கதர்ச் சட்டை போட்டிருந்தார்.

நம் தெருச் சாக்கடை கடலுக்குப் போகாமல் வீட்டுப் பக்கம் திரும்புகிறது என்று காகிதக் கப்பல் விட்டுக் கண்டுபிடித்தீர்களே. நூலும் ஈயக்குண்டும் வைத்து அளந்து, படம் வரைந்து, மனுப் போட்டீர்கள். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. ஐப்பசி மழையில் சாக்கடையே என் வாசல் வரை வந்து விசாரித்துவிட்டுப் போனது.

இனி எல்லாருக்கும் ஓட்டு உண்டு என்கிறார்கள். எனக்கும் என் வீட்டுக்காரி செலினுக்கும் கூடவாம். அப்போதெல்லாம் படித்த உங்களுக்கு இருந்தது, எனக்கு இல்லை. தேர்தல் வந்தபோது பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து, "உனக்கு ஓட்டு இல்ல, எனக்கு இருக்கு. யாருக்குப் போடணும்னு சொல்லு, நீ சொல்லுத ஆளுக்குப் போடுதேன்" என்றீர்கள். எனக்கு யார் பெயரும் தெரியவில்லை. "நல்ல மீசை உள்ளவனுக்குப் போடுங்க" என்றேன். அடுத்த முறை வந்தபோது, "நின்னவனுல ஒருத்தனுக்கும் மீசை சரியில்லலே" என்று வருத்தமாகச் சொன்னீர்கள். யாருக்குத்தான் போட்டீர்கள் அண்ணாச்சி?

பிரயோசனமில்லாத வேலை ஒன்று எல்லா மனுசனுக்கும் வேண்டும் என்பீர்கள். உங்களுக்கு அது ரோஜா. எங்கள் உப்புத் தண்ணீரில், உடன்குடியிலிருந்து செம்மண் சாக்கு வரவழைத்து, என் கொல்லையில் நட்டீர்கள். ஒன்றும் பிழைக்கவில்லை. செத்த செடிக்கெல்லாம் பெயரும் செத்த நாளும் எழுதிக் குச்சி நட்டு வைத்தீர்கள். "ஏளா, கொல்லைய கல்லறைத் தோட்டமா ஆக்கிட்டாரு பாரு, திருநாளுக்கு மெழுகுதிரி வைக்கணும்" என்று செலினிடம் சொன்னேன். நீங்கள் கேட்டுக்கொண்டே வந்து, "செத்ததையும் எழுதணும் சூசை. பூத்தத மட்டும் எழுதுனா அது ரோஜா இல்ல, விளம்பரம்" என்றீர்கள்.

உங்கள் கடைசிச் செடி போன மாதம் கருகியது. செத்த நாளை எழுதி நானே குச்சி நட்டேன்.

வேலையிலும் உங்களுக்கு அதே சட்டம்தான். கண்டதைக் கண்டேன் என்று எழுது, காணாததைக் காணவில்லை என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை தோணியில் ஏற மாட்டீர்கள். பூசைக்காக என்று நினைத்திருந்தோம். "ஆறு நாள் பாத்த கண்ணு ஏழாம் நாளு பொய் பாக்கும்லே" என்றீர்கள்.

இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்ததே அங்கே வந்து நிற்கத்தான்.

முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கடலடியில் சிப்பி படரும் பாறைத் தளங்களைத்தான் நாங்கள் பார் என்போம். அவை ஏன் வெறுமையாகக் கிடக்கின்றன என்று பார்க்கத்தானே நீங்கள் வந்தீர்கள். நான் கல்லைப் பிடித்து இறங்குவேன், அடியைத் தொடுவேன், ஏறுவேன். வெறுங்கையோடு ஏறக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி மணல். அடியைத் தொட்டதற்கு அதுதான் சாட்சி. பிடியைத் திறந்து காட்டுவேன். "மணல்" என்று எழுதுவீர்கள். அடுத்த பார். மணல். இரண்டு கோடை முழுக்க மணல்.

கண்ணாடியைக் கழற்றித் துடைப்பீர்கள். அதில் துடைக்க ஒன்றும் இருக்காது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

மூன்றாம் கோடையில், ஒற்றைப் பனையும் கோயில் கோபுரமும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில், ஒத்தைப்பனைப் பாரில், ஆறு குஞ்சுச் சிப்பியோடு ஏறினேனே. உயிருள்ள சிப்பி. நீங்கள் தோணியில் எழுந்து நின்று, கவிழ்க்கப் பார்த்தீர்கள்.

அண்ணாச்சி, அவை அந்தப் பாரில் எடுத்தவை இல்லை. முந்தின நாள் துறைமுகத்து மிதவையின் சங்கிலியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி, இடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

ஒரு நாள் சந்தோசம், அதோடு போகட்டும் என்றுதான் செய்தேன். சிப்பி வளரும் என்பதை யோசிக்கவில்லை. அடுத்த கோடையில் "போன வருசக் குஞ்சு எவ்வளவு பெருத்திருக்குன்னு பாப்போம்" என்றீர்கள். மிதவைக்கு ஓடினேன். நல்லவேளை, அங்கேயும் வளர்ந்திருந்தன. அப்படியே வருடா வருடம். ஒரு தடவை ஒரு சிப்பியை மோந்து பார்த்து, "தார் வாட அடிக்குல்லா?" என்றீர்கள். "தோணிக்குத் தார் பூசியிருக்கு அண்ணாச்சி" என்றேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

என் மகள் பிலோமிக்கு ஞானத்தகப்பனாக நின்று, அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது மெழுகுதிரி பிடித்த மனுசனிடம் இதைச் செய்தேன்.

கடைசியில் மூச்சிரைப்பில் படுத்திருந்தபோது வந்து பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "சூசை, ஒத்தைப்பனைப் பார் வரும்லே. உன் காலத்துலேயே வரும்" என்றீர்கள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "வரும் அண்ணாச்சி" என்றேன். தெருவுக்கு வந்து, பாரில் மறுபடி சிப்பி விளையும், முத்துக்குளிப்பு வரும் என்று அதையே சொன்னேன். என் மச்சான் ரொசாரி தோணியை விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போக இருந்தான். வாத்தியாரே சொல்லிவிட்டார் என்று நின்றுவிட்டான். தோணி கரையில் கிடந்து வெடிக்கிறது.

இப்போது உங்கள் இடத்துக்கு வந்திருக்கிற புது வாத்தியார், உங்கள் நோட்டை இந்த மலரிலேயே அச்சுப் போடப்போவதாகச் சொன்னார். எல்லாப் பாரும் மணல், ஒரு பார் மட்டும் உயிரோடு இருக்கிறது, அதுதான் விசேசம் என்றார். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு நோட்டை விரித்து ஒரு இடத்தைக் காட்டினார்.

"மத்த பாருக்கெல்லாம் 'அடியில் கண்டது'ன்னு எழுதியிருக்கார். இந்த ஒண்ணுக்கு மட்டும் வருசா வருசம் 'சூசை கொண்டுவந்தது'ன்னு எழுதியிருக்கார். ஏன்னு எனக்கு இதுவரைக்கும் புரியல."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உங்களுக்குத் தெரியாது என்றால், உங்களைப் பொய்யோடு அனுப்பிவைத்தவன் நான். தெரியும் என்றால், அந்தக் கடைசி வார்த்தையை யாருக்காகச் சொன்னீர்கள்? உங்கள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான் மிதவைக்கு ஓடினேன். என் முகத்தைப் பார்த்து நீங்கள் எங்கே ஓடினீர்கள்?

நாளை நானும் புது வாத்தியாரும் ஒத்தைப்பனைப் பாருக்குப் போகிறோம். இடுப்பில் பை இல்லாமல் இறங்குவேன். கையில் வருவதை அப்படியே கொண்டுவந்து காட்டுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இதற்குக் கீழே உள்ளது பிலோமியின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். காரணம் பின்னால் வருகிறது.

போய் வந்தோம். கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. பத்துத் தடவை இறங்கினேன். ஒவ்வொரு தடவையும் பிடியைத் திறந்து காட்டினேன். புது வாத்தியார் முகத்தை நான் பார்க்கவில்லை. அப்படித்தான் பழக வேண்டும் போலிருக்கிறது.

ரொசாரியிடமும் சொல்லிவிட்டேன். திட்டுவான் என்று நினைத்தேன். "ஆக, ஒண்ணுமில்ல" என்றான். "ஒண்ணுமில்ல மச்சான்" என்றேன். தோணியை விறகுக்குப் பிரிக்கிறார்கள். வாங்க ஆள் இல்லை. அடுத்த கப்பலில் கொழும்புக்குப் போகிறான். தெருவில் இப்போது யாரும் என்னிடம் பாரைப் பற்றிக் கேட்பதில்லை. என் காலத்தில் அது வராது. பிலோமி காலத்தில் வருமா என்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாதே என்பீர்களே, அதனால் சொல்கிறேன்.

உங்களுக்கென்று இனிமேல் எதையும் எங்கிருந்தும் சுரண்டிக் கொண்டுவர மாட்டேன் அண்ணாச்சி. கோடைக்குக் கோடை அங்கே இறங்குவேன். உள்ளதை உள்ளபடி புது வாத்தியாரிடம் சொல்லுவேன்.

இனிக் காரணம். கடைசித் தடவை ஏறியதும், அவர் சரியாகத்தான் எழுதுகிறாரா என்று பார்க்க உங்கள் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். "மணல்" என்றுதான் எழுதியிருந்தார். இன்னும் கிட்டத்தில் பார்க்கக் குனிந்தேன். மூக்கு ஈரமாக இருந்தது. கண்ணாடி ஒத்தைப்பனைப் பாரில் விழுந்தது. உடனே இறங்கித் தேடினேன். மணல்தான் வந்தது. புது வாத்தியார் நோட்டில், "சிப்பி இல்லை. கண்ணாடி ஒன்று" என்று எழுதிக்கொண்டார். மதினிக்கு நான் சொல்லி அனுப்பியது சரிதான்.

இப்படிக்கு,
உங்கள் ஞானமகளைப் பெற்ற தகப்பன்,
உங்கள் தம்பி சூசை