ஆயுத பூசைக்குச் சுத்தம் செய்த மெமரி கார்டு

20.10.2007, சனி. இரவு 11.40. மீண்டு வந்த படங்கள் 412.

திருமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பாண்டி அண்ணன் மத்தியானம் எங்கள் கணினிக் கடைக்கு வந்து, கேமரா கார்டை மேசையில் வைத்தார். கார்டின் மேல் சந்தனப் பொட்டு. முந்தாநாள் எடுத்த கல்யாணம் அதில்தான் இருந்ததாம். டிஜிட்டலுக்கு மாறிய பிறகு அவர் எடுத்த முதல் கல்யாணம்.

"பூசையில வைக்கிறது சுத்தமா இருக்கணும்னு எல்லாக் கார்டையும் ஃபார்மேட் பண்ணி அழிச்சிட்டேன் தம்பி."

"துணியால தொடச்சா போதாதாண்ணே?"

"அதையுந்தான் தொடச்சேன்."

கத்திவிட்டேன். அவர் கார்டை என் பக்கம் தள்ளினார். "நாளைக்குப் பொண்ணு வீட்ல வந்து கேப்பாக. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?" என்றார்.

அழிந்த படங்களை மீட்பதில் பெயர் பெற்ற இரண்டு மென்பொருள்களைப் போட்டேன். இரண்டும் படங்களைச் சின்னதாகக் காட்டிவிட்டுக் காசு கேட்டன. பிறகு இணையத்தில் யாரோ சொல்லியிருந்த ஃபோட்டோரெக்கை இறக்கினேன். இலவசம், மூலநிரலும் யாரும் பார்க்கத் திறந்தே கிடக்கிறது. கறுப்புத் திரை, மவுஸ்கூட வேலை செய்யாது. இது எங்கே உருப்படும் என்றுதான் நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் மாலை, மேளம், பந்தி எல்லாம் வந்தன. கோப்புப் பெயர்கள் மட்டும் போய்விட்டன.

தாலி கட்டும் படம் வந்ததும் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். "இம்புட்டையும் சும்மாவா குடுக்குறாக? யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்."

நாளை:
1. படங்களை வரிசைப்படுத்தி, பெண் வீட்டார் வருமுன் இரண்டு சிடி.
2. கடைக் கணினி எல்லாவற்றிலும் ஃபோட்டோரெக்.
3. அதை எழுதியவருக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெயில். பெண் வீட்டில் சம்மதித்தால் அந்தத் தாலிப் படமும். எதைக் காப்பாற்றினோம் என்று அவரும் பார்க்கட்டும்.