மூன்று கோடு இல்லாத அணில்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே நல்ல வெயில். ஷிப்ட் முடிந்து செண்டாயான் ஃபேக்டரியிலிருந்து வந்ததும் துணி ஊறப்போட்டேன். ரம்புத்தான் மரத்தடியில் தோல் சிதறிக் கிடந்தது. இவர் முகம் அஷ்டகோணல். முதல் குலையைச் சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்கு என்று நேர்ந்து வைத்திருந்தார். அணில் முந்திக்கொண்டது.

பக்கத்து வீட்டு மாரியண்ணனிடம் கூண்டு இரவல் கேட்டிருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் எலி பிடிக்கிற கூண்டு. பிடித்து, சாக்கில் கட்டிக் குளத்தில் போடப் போகிறாராம். அணிலைக் கொன்றால் பாவமில்லையா என்றேன்.

"முதுகுல மூணு கோடு எங்க? ராமர் தடவுனது இந்தியா அணிலு. இது மலாய்க்காரங்க சொல்ற வெறும் துப்பாய் லா."

சனிக்கிழமை முட்டைகூடத் தொடாத மனிதர்!

ஜூலை 9, புதன்

மப்பு. துணி காயவில்லை. பூண்டு, பால் வாங்க வேண்டும்.

சமையலறை ஜன்னலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழம்பு அடிப்பிடித்தது. தலைகீழாக இறங்குகிறது. வால் உடம்பு நீளம். பழம் மட்டுமில்லை, எறும்பும் தின்கிறது. மதியம் காணோம், பொழுது சாயத்தான் மறுபடி வந்தது. பூனையைக் கண்டதும் வாலை வெட்டி வெட்டி ஒரே கத்தல். ஓவர்டைம் வேண்டாம் என்றால் எங்கள் லைன் லீடரம்மா இப்படித்தான்.

அப்புறம் தென்னை நாரைக் கவ்விக்கொண்டு ஏறியது. மேல் கவையில் இலைப் பந்து. கூடு! வயிறு செங்கல் நிறம், காம்புகள் புடைத்து. அடிப்பாவி, பிள்ளைக்காரியா நீ? இதைப் பிடித்தால் மேலே உள்ளதுகள் பட்டினியில் சாகும்.

இவரிடம் சொன்னேன். எலியும்தான் குட்டி போடுகிறது என்கிறார். கோபத்தில் அழுகை வந்தது. விடமாட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

மழை. கூண்டு வந்துவிட்டது, வாசலில் இருக்கிறது. நாளை விரதம், உயிரைப் பிடிக்கக் கூடாதாம். ஞாயிறு காலை வாழைப்பழம் வைப்பாராம். பெருமாளே, ஒருநாள் கொடுத்தாய்.

மழை விட்டதும் அணிலைப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு போட்டோ எடுத்தேன். பெரிதாக்கினால், விலாவில் கோடு! ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. மறுபக்கமும் அப்படியே. இத்தனை வருஷம் அந்த மரத்தடியில்தான் துணி காயப்போடுகிறேன். கண் எங்கே போயிருந்தது?

ஜூலை 12, சனி

லீவு. இவர் நாமம் போட்டு, மிச்சமிருந்த நல்ல குலையோடு கிளம்பினார். வாசலில் மறித்துப் போனை நீட்டினேன்.

"கோடு இருக்கு பாருங்க. ரெண்டு விலாவுலயும்."

"அங்க எதுக்குக் கோடு?"

"தடவுனா முதுகுல விழும். ரெண்டு கையால தூக்குனா எங்க விழும்?"

படத்தையே பார்த்தார். வயிறு ஏன் சிவப்பு என்று ஒரு குறுக்குக் கேள்வி. பாலத்துக்குச் செம்மண் சுமந்தது என்றேன். இந்தத் தோட்டத்து மண்ணில் உட்கார்ந்து எழுந்தால் யாருக்கும் அந்த நிறம்தானே. சிரிப்பை அடக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். கூண்டு மாரியண்ணன் வீட்டுக்கே திரும்பியது. ஏன் பிடிக்கவில்லை என்று அவர் கேட்டது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. இவர் பதிலும்:

"அங்க உள்ளத ராமர் தடவித்தாண்ணே குடுத்தாரு. நம்ம ஊரு அணில தூக்கியே வச்சிருக்காரு."

என் வாதம், அவர் வாயில்! போகட்டும். ஜெயித்தது நான்.

மாலையில் கீழ்க்கிளைக் குலைகளுக்கு மட்டும் வலை கட்டினார். மேலே? ஏணி எட்டவில்லையாம். போன மாதம் அதே ஏணியில் கூரை ஏறியவர்.